சகாயமேரி கேட்ட புத்தகங்கள்

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் காலை ஏலம் நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. நான் அங்கே ஒரு கமிஷன் கடை வைத்திருக்கிறேன். முல்லைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சட்டைப்பையில் கைபேசி விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், எங்கள் மின்னூல் குழுவின் வாட்ஸப்பில் ஒருங்கிணைப்பாளர் ஒரு படம் அனுப்பியிருந்தார். கறுப்புச் சட்டத்துக்குள் சகாயமேரி அக்காவின் முகம். பக்கத்தில் எரியும் மெழுகுவத்தி. கீழே, "எங்கள் தூண் சாய்ந்தது" என்று ஒரு வரி. அதை நான் இரண்டாம் முறை படிப்பதற்குள் கும்பிடும் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழ ஆரம்பித்துவிட்டன.

அந்தக் குழுவில் அக்கா இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவரை அதிலிருந்து நீக்கியவரே இந்த ஒருங்கிணைப்பாளர்தான். தூண் என்று எழுதியவருக்கு அது மறந்திருக்காது. மறந்ததுபோல் இருப்பது வசதி. அந்த இரங்கலையும் படமாகவே அனுப்பியிருந்தார். அக்காவுக்குக் கண் தெரியாது. அவருடைய கைபேசி எழுத்தை உரக்க வாசித்துக் காட்டும், படத்தை வாசிக்காது. அவரைப் பற்றிய இரங்கலை அவரிடமே கொடுத்திருந்தாலும் "படம்" என்ற ஒற்றைச் சொல்லோடு அது நின்றுபோயிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் தம்பி மகள் ஜெனிதா அழைத்தாள். "மாமா, அத்தை போயிட்டாங்க. ஆவூர்லதான் அடக்கம். நாலு மணிக்குப் பூசை. வாரீங்கள்ல?" என்றாள். வருகிறேன் என்றேன். பின்னால் யாரோ முல்லை விலையைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

இதை வாசிக்கும் குழு நண்பர்களில் பலர் சகாயமேரியைக் குரலாக மட்டும் அறிந்தவர்கள். சிலருக்கு அந்தக் குரலே ஒரு பயம். புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் தொலைபேசி ஆபரேட்டராக வேலை பார்த்தவர். ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்து, பட்டம் வாங்கும்போது முழுக்கப் போய்விட்டது. மேடையில் பட்டத்தைத் தன் கையில் கொடுத்தவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் ஒரு தூணுக்கு நன்றி சொன்னதாக அவரே சிரித்தபடி சொல்வார். அந்தச் சிரிப்பில் நாம் சேர்ந்துகொண்டால் உடனே நிறுத்திவிடுவார்.

என்னிடம் அவர் முதலில் பேசியதும் ஒரு குற்றச்சாட்டோடுதான். ஏலம் முடிந்த பிறகு மதியம் முழுவதும் கடையில் வேலை இருக்காது. அந்த நேரத்தில் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து எங்கள் குழுவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தேன். எழுதியவர் இறந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டால் நூல் எல்லோருக்கும் பொது. அப்படிப்பட்ட நூல்களைத் தேடிப்பிடித்து, எழுத்தாக்கி, யாரும் விலையில்லாமல் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் போடுவது குழுவின் வேலை. யாருக்கும் சம்பளம் கிடையாது. என் முதல் நூல் ஏறிய வாரத்தில் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"கீரமங்கலம் முருகேசன்தான பேசுறது?"

"ஆமாங்க."

"நீங்க டைப் பண்ணுன புத்தகத்தத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு சந்தேகம். புருசன் செத்துக் கெடக்கான், அந்தம்மா ஏன் தண்ணீர் வடிக்குது?"

எனக்குப் புரியவில்லை.

"கண்ணீர்னு இருக்க வேண்டிய எடத்துல எல்லாம் தண்ணீர்னு போட்டுருக்கீங்க. மூணு பக்கமா வடிச்சுக்கிட்டே இருக்கு. கொழாய மூடச் சொல்லுங்க தம்பி."

எனக்குக் கோபம் வந்தது. இரவல் வாங்கிய கணினியில், பூக்கறை படிந்த விரல்களால், நாலு மாதம் உட்கார்ந்து அடித்த நூல் அது. யார் இந்த அம்மா என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. காலம் என்ற சொல்லில் துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தைப் போட்டிருக்கிறேன், அதனால் எந்திரம் "கரலம்" என்று வாசிக்கிறது என்றார். திரையில் போய்ப் பார்த்தேன். இரண்டும் அச்சாக ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அவர் சொல்லியிருக்காவிட்டால் இந்தப் பிறவியில் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். "கண்ணு மன்னிச்சுரும் தம்பி, காது மன்னிக்காது" என்றார். பிறகுதான் தனக்குப் பார்வை இல்லை என்பதையே சொன்னார், அதுவும் கடைசியில், வைக்கிறேன் என்று சொல்வதற்கு முன்னால், சும்மா ஒரு தகவலாக.

பூச்சரக்கு கொண்டுபோகும் வண்டியில் ஏறி ஒருநாள் அவரைப் பார்க்க அலுவலகத்துக்குப் போனேன். எல்லோர் கையிலும் கைபேசி வந்துவிட்ட காலம். இணைப்புக் கொடுக்கும் பெட்டி மூலையில் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. அதன் முன்னால் அக்கா ஒற்றைக் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைக் கழற்றி என் காதில் வைத்தார். ஏதோ பூச்சி பறப்பதுபோல ஓர் இரைச்சல். தமிழ் என்றே தெரியவில்லை. அவர் அந்த வேகத்தில்தான் கேட்பாராம். "இத்தன வருசம் படிக்காம வுட்டதப் புடிக்கணும்ல" என்றார்.

அங்கே வைத்துத்தான் ஒரு சிஸ்டரைப் பற்றிச் சொன்னார். கண் போன புதிதில் அவர் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். மாலைகளில் ஒரு கன்னியாஸ்திரி அவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவார். நல்ல மனுஷி. தன் வேலையெல்லாம் முடித்துவிட்டு, களைப்போடு வந்து, தொண்டை கட்டும் வரை வாசிப்பார். அப்படி அக்கா கேட்ட நாவல்களில் ஒன்று ரொம்பப் பிடித்துப்போயிற்று. பெயர் வேண்டாம். அதில் வரும் பெண் கணவன் வீட்டில் படாத பாடு பட்டு, கடைசியில் காய்ச்சலில் செத்துப்போகிறாள். அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதிருக்கிறார். அந்தப் பெண்ணைப் பல ஆண்டுகள் மனதில் வைத்திருந்தார். தனக்கு ஒரு மகள் பிறந்தால் அந்தப் பெயரை வைப்பது என்றுகூட நினைத்ததாகச் சொன்னார். கல்யாணமே நடக்கவில்லை என்பது வேறு கதை.

பிற்பாடு அந்த நாவல் எழுத்தாக இணையத்தில் ஏறியது. எங்கள் குழுவின் ஆரம்பகால நூல்களில் அதுவும் ஒன்று. அக்கா கைபேசியில் போட்டு, தனியாக, முதலிலிருந்து கேட்டார். கேட்கக் கேட்க அவர் அறியாத பக்கங்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து வீட்டில் ஒருவனோடு பழக்கம் இருந்திருக்கிறது. கடைசியில் அவள் சாகவும் இல்லை. ஒரு விடியற்காலையில் கணவன் வீட்டை விட்டு, யாரிடமும் சொல்லாமல், ரயிலேறிப் போய்விடுகிறாள். சிஸ்டர் தனக்குப் பிடிக்காத பக்கங்களையெல்லாம் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணையும் கொன்று முடித்திருக்கிறார்.

"இருவது வருசமா அவளுக்காக அழுதுருக்கேன் முருகேசு. அவ நல்லா டிக்கெட் எடுத்துப் போயிருக்கா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. தயவுல படிச்சா அப்படித்தான். படிச்சுக் காட்டுறவங்களுக்கு எது புடிக்குமோ அதான் ஒனக்குப் புத்தகம். இந்த மெஷினுக்கு மானம் வெக்கம் கெடயாது. இருக்குறத எல்லாம் படிக்கும். எனக்கு அது போதும்."

இலவச மின்னூல்களின் வரலாறு என்று இப்போது எழுதுகிறார்கள். முதலில் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டிக்கொண்டிருந்தோம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். பிறகு எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறை வந்தது. பிறகு கைபேசியிலேயே படிக்க முடிந்தது. பிறகு, அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்தால் கணினியே அதை எழுத்தாக மாற்றித்தரும் வசதி வந்தது, ஆயிரம் பிழைகளோடு. இவையெல்லாம் மைல்கற்கள் என்கிறார்கள், இருக்கட்டும். சகாயமேரியைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் நடந்த ஒரே சம்பவம் அந்தப் பெண் ரயிலேறியதுதான். அன்றிலிருந்துதான் அவர் எங்கள் நூல்களை மெய்ப்புப் பார்க்கத் தொடங்கினார்.

அவர் தவறே செய்யாதவர் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். கடற்கரை வாழ்க்கையைப் பற்றிய ஒரு பழைய நூலில் "சோழகம் வீசியது" என்று வந்ததை, கணினி உளறியிருக்கிறது என்று முடிவுகட்டி, நூல் முழுக்க "சோகம் வீசியது" என்று மாற்றிவிட்டார். எங்கள் குழுவில் சாதிக் என்று ஒருவர். கோட்டைப்பட்டினத்துக்காரர், சவூதியில் லாரி ஓட்டுகிறார். பாலைவன ரோட்டில் எங்கள் நூல்களைக் கேட்டுக்கொண்டே போவார். அவர் அங்கிருந்து ஒரு குரல்பதிவு அனுப்பினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. சோழகம்னா தெக்கேருந்து அடிக்கிற காத்து. எங்க அத்தா அது அடிச்சா வலை எடுக்கமாட்டாக. நீங்க சோகம்னு போட்டுட்டீங்க. கடலெல்லாம் ஒரே சோகமா இருக்கு."

அக்கா அந்த நூலை மறுபடி முதலிலிருந்து கேட்டார். மறுநாள் எல்லா இடத்திலும் சோழகத்தைத் திரும்ப வீசவைத்துவிட்டு, சாதிக்கை அழைத்து, மற்றக் காற்றுகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. "நான் மேட்டுக்காட்டுக்காரி, எனக்கென்ன தெரியும் ஒங்க காத்து" என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு சாதிக் அவருக்குத் தம்பி மாதிரி ஆகிவிட்டார்.

இனி, சொல்லக் கசக்கும் பகுதி. குழுவில் இருப்பவர்கள் இதை வாசிக்கப்போவது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நூல்களின் எண்ணிக்கை சில நூறுகளைத் தாண்டியதும் எங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு ஆயிரத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. தனியார் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறவர். கெட்டவர் இல்லை. ஆரம்பத்தில் தன் கைக்காசில் இணையதளத்தை நடத்தியவர். ஆனால் ஆயிரமாவது நூலுக்குப் பெரிய விழா எடுப்பதாக எங்கெங்கோ சொல்லிவிட்டார், மண்டபத்தையும் பேசிவிட்டார். நூல்கள் அந்த வேகத்தில் வரவில்லை. மெய்ப்பில் போய் நின்றன. மெய்ப்பில் உட்கார்ந்திருந்தது அக்கா.

புதுக்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். திருத்தாத நூல்களையும் அப்படியே ஏற்றிவிடுவது, பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அந்தப் படத் தொகுப்புகளையும் நூல் என்றே எண்ணுவது, பெரிய நூல்களைப் பாகம் பாகமாகப் பிரித்துத் தனித்தனி நூலாகப் போடுவது என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அக்கா எழுந்தார். "படமாப் போட்டா அது புத்தகம் இல்லீங்க சார். புத்தகத்தோட போட்டோ."

"மேடம், பாக்குறவங்க எத்தன லட்சம் பேர் இருக்காங்க. அவங்களுக்கு அது போதும்ல."

"பாக்குறவங்களுக்குத்தான் லைப்ரரி இருக்கு, கடை இருக்கு, எல்லாம் இருக்கே. நாம யாருக்காக இதச் செய்யுறோம்?"

"தமிழுக்காக."

"தமிழுக்குக் கண்ணு தெரியும் போலருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவர் சிரித்தார். ஒருங்கிணைப்பாளர் டீ சொல்லிவிட்டார். தீர்மானம் அப்படியே நிறைவேறியது.

விழா நடந்தது. பெரிய அதிகாரிகள் வந்தார்கள். அக்காவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவர் வர மாட்டேன் என்றுதான் சொன்னார். ஜெனிதா ஆசைப்பட்டாள் என்பதற்காக வந்தார். பேசிய ஒவ்வொருவரும் அவரைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். கண் இல்லாமலே தமிழுக்குக் கண் கொடுத்தவர் என்றார் ஒருவர். அரங்கம் கைதட்டியது. அக்கா என் பக்கம் சாய்ந்து, "எந்தப் பக்கம் பாத்துக் கும்புடணும்?" என்றார். மேடை இருந்த பக்கத்தைச் சொன்னேன். அவர் கும்பிடவில்லை.

பிறகு அவரை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தி, விழா மலரைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். தொகுத்து வழங்கிய பெண் ஒலிவாங்கியை அவரிடம் நீட்டி, "மேடம் ஒரு பாட்டுப் பாடுவாங்க" என்று அறிவித்தாள். யார் அவளிடம் அப்படிச் சொன்னது என்று தெரியவில்லை. யாரும் சொல்லியிருக்கத் தேவையில்லை. கண் தெரியாதவர் என்றால் பாடுவார் என்பது எல்லோருக்கும் பிறவியிலேயே தெரிந்திருக்கிறது.

அக்கா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "எனக்குப் பாட வராது. நான் டெலிபோன் ஆபரேட்டர்" என்றார். அலுவலகத்தில் இணைப்புக் கொடுக்கும் அதே நிதானமான குரல். அரங்கத்தில் நல்ல சிரிப்பு. அவர் நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு எல்லோரும் பகிர்கிற புகைப்படம் அந்த நிமிடத்தில் எடுத்ததுதான்.

வீட்டுக்குப் போனதும் விழா மலரைக் கணினிக் கோப்பாக அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அனுப்பினார்கள். அதில் அவரைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை இருந்தது. அத்தனையும் படம். ஜெனிதாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முடிந்ததும், "எதையும் வுட்டுட்டுப் படிக்கலியே?" என்று கேட்டாராம். பாவம், அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

அடுத்த நாட்களில் அக்கா எங்கள் தளத்தில் இருந்த நூல்களையெல்லாம் வரிசையாகத் திறந்து பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு, குழுவில் எழுத்தாகவே ஒரு செய்தி போட்டார். ஆயிரம் என்று சொன்னவற்றில் பாதிக்கு மேல் வெறும் படங்கள், எழுத்தாக இருப்பவற்றில் பலவற்றை யாரும் திருத்தவில்லை, ஒரே நூல் ஏழு பெயரில் இருக்கிறது, விழா எடுத்ததில் தப்பில்லை, எண்ணிக்கையைத் திருத்திச் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தார். அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஒற்றுப்பிழைகூடக் கிடையாது.

மேடம் மனவருத்தத்தில் இருக்கிறார், நாம் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருவர் பதில் போட்டார். எல்லாவற்றிலும் குறை காண்பது சுலபம் என்றார் இன்னொருவர். கண் தெரியாதவர்களின் கஷ்டம் எங்களுக்கும் புரிகிறது என்று ஒருங்கிணைப்பாளர் எழுதினார். அன்று சாயங்காலமே அக்காவைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நூல்களைத் திருத்துவதற்கான கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டார்கள். மறுநாள் காலை அவர் வழக்கம்போலத் திருத்த உட்கார்ந்தபோது எந்திரம் "அனுமதி இல்லை" என்று வாசித்திருக்கிறது. அப்படித்தான் அவருக்குத் தெரியவந்தது. ஒருவர்கூட அழைத்துச் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு இணைப்புக் கொடுத்த பெண்மணி அவர்.

நானும் வெளியேறுகிறேன் என்றேன். "நீ உள்ளயே இரு. அங்கிட்டு என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றார். இருந்தேன்.

பிறகு சாதிக், நான், அக்கா மூவரும் தனியாக ஒரு சின்னத் தளம் தொடங்கினோம். ஏற்கெனவே ஆயிரத்தில் எண்ணப்பட்ட நூல்களையே மறுபடி எடுத்து, படங்களை எழுத்தாக்கி, ஒவ்வொன்றாகத் திருத்திப் போட்டோம். வருடத்துக்கு நாலைந்து தேறினால் அதிகம். எங்கள் நூல்களின் கடைசிப் பக்கத்தில் "மெய்ப்புப் பார்த்தவர்" என்று நான் போட்டதை அவர் "மெய்ப்புக் கேட்டவர்" என்று மாற்றினார். "நான் பாக்கல. பொய் எதுக்கு?" என்றார். பெரிய குழு எங்கள் நூல்களை எடுத்துத் தங்கள் தளத்தில் போட்டுக்கொண்டபோது அதை எழுத்துப்பிழை என்று நினைத்துத் திரும்பவும் "பார்த்தவர்" ஆக்கினார்கள். சில நூல்களில் பெயரையே எடுத்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற கொஞ்ச நாளில் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். பூச்சரக்கோடு புதுக்கோட்டைக்குப் போகும் நாட்களில் நான் எட்டிப் பார்ப்பேன். ஒரு கையில் குழாய் ஓடும், மறுகையில் கைபேசி. எந்திரத்தின் வேகத்தை நிறையக் குறைத்துவிட்டிருந்தார். இப்போது எனக்கே சொற்கள் புரிந்தன. அதைக் கவனித்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் ஆற்றாமையில் சொன்னேன்: "நீங்க இப்புடிக் கெடந்து திருத்துறீங்க. அவுங்க எடுத்துத் தங்க பேர்ல போட்டு எண்ணிக்கிட்டு இருக்காங்க. எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டுட்டா என்ன அக்கா?"

"போடலாம். சாதிக்குட்டச் சொன்னா போட்டுருவான்."

"போடச் சொல்லவா?"

கைபேசியை மடியில் வைத்தார். "இலவசம்னா நமக்குப் புடிச்சவனுக்கு மட்டுமா? கடுப்பாத்தான் இருக்கு. எனக்கு மட்டும் இல்லியா? ஆனா பூட்டுனா நாமளும் அந்தச் சிஸ்டர் மாதிரிதான், யாருக்கு எதக் குடுக்கலாம்னு பாத்துப் பாத்துக் குடுக்கணும்." பிறகு, "கடுப்போடயே குடு. சிரிச்சுக்கிட்டுக் குடுக்கணும்னு யாரும் சொல்லலியே" என்றார்.

அதன்பின் நான் அவரைப் பார்த்தது மூன்று முறையோ நான்கு முறையோ. கடைசியில் பேச்சு குறைந்துவிட்டது.

ஆவூரில் அடக்கம் நடந்த அன்று ஒருங்கிணைப்பாளர் பெரிய மலர்வளையத்தோடு வந்திருந்தார். கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போகும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"முருகேசன், மேடம் பேர்ல வருசா வருசம் ஒரு விருது குடுக்கலாம்னு இருக்கோம்" என்றார்.

"யாருக்குங்க சார் குடுப்பீங்க?"

"அந்த வருசத்துல அதிகமா நூல் ஏத்துறவங்களுக்கு."

அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. உள்நோக்கமும் இல்லை. அக்கா இத்தனை ஆண்டுகள் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

"வேணாங்க சார்" என்றேன்.

"ஏன்?"

"அந்தப் பேர்ல வேணாம். வேற யார் பேர்லயாவது குடுங்க."

அவர் என் கையை விட்டுவிட்டார். ஜெனிதா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். பிறகு நாங்கள் மண் போட்டோம்.

ஒரு வாரம் கழித்துக் குழுவிலிருந்து அவளிடம் கேட்டிருக்கிறார்கள், மேடம் கடைசியாகத் திருத்திக்கொண்டிருந்த நூலைத் தர முடியுமா, அஞ்சலியாக வெளியிட வேண்டும் என்று. "குடுக்கவா மாமா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குக் கொடுக்கச் சொல்ல மனமில்லை. குடுத்துரும்மா என்றேன். பாதிதான் முடிந்திருந்தது. அவர்கள் அவசர அவசரமாக வெளியிட்டார்கள். அட்டையில் மாலை போட்ட அவருடைய புகைப்படம். உள்ளே அத்தனை பக்கமும் அழகான எழுத்துருவில், பூ வேலைப்பாட்டோடு, படமாக. அவர் எழுத்தாகக் கொடுத்ததைப் படமாக மாற்றியிருக்கிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும்.

மீதிப் பாதியை நானும் சாதிக்கும் பங்கு போட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறோம். நான் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு காதால் கேட்கிறேன். மெதுவான வேகத்தில்தான். முடிந்ததும் எங்கள் சின்னத் தளத்தில் எழுத்தாகவே போடுவோம். அதை யாரும் பெரிதாகத் தேடி வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

நினைவுக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் வந்திருக்கிறது. பேச எனக்கு இரண்டு நிமிடம் தருகிறார்களாம். அங்கே அவருடைய பொறுமையைப் பற்றியும் தியாகத்தைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். நான் அறிந்த சகாயமேரியிடம் பொறுமை இருந்ததில்லை. அவர் எதையும் தியாகம் செய்யவும் இல்லை. தனக்குப் படிக்க வேண்டும் என்பதற்காகச் செய்தார். அவரிடம் இருந்தது கோபம். நிதானமான, எழுத்துப்பிழை இல்லாத கோபம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். மார்க்கெட்டில் எல்லோருக்கும் தலையாட்டியே பிழைத்தவனுக்கு அது புதிது. காலையில் வந்த பூ மாலைக்குள் வாடிவிடுகிற தொழில் என்னுடையது. தன் கோபத்தை இத்தனை ஆண்டுகள் கெட்டுப்போகாமல் அவர் எப்படி வைத்திருந்தார் என்பதை மட்டும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.